கண்ணாடியும் அக்ரிலிக்கும் ஒரே தொட்டியில்

இரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் மீன்தொட்டியைக் கட்ட இறங்கும்போதுதான் கண்ணாடியோடு அக்ரிலிக்கைச் சேர்க்கும் யோசனை பெரும்பாலும் எழுகிறது. முன்பக்கத்துக்குத் தெளிவான அக்ரிலிக், மற்றப் பக்கங்களுக்கு விலை குறைந்த கண்ணாடி என்று ஒரு கணக்கு. கண்ணாடி வளையாது என்பதால் வளைந்த முகப்புக்கு மட்டும் அக்ரிலிக் என்று இன்னொரு கணக்கு. திருப்பதியிலும் சித்தூரிலும் விடுதி வரவேற்பறைக்கோ மண்டபத்துக்கோ பெரிய தொட்டி கேட்பவர்களிடம் இரண்டு கணக்குகளையும் கேட்கலாம். யோசனை தவறானதல்ல. இரண்டையும் எந்த இடத்தில், எதன் வழியாகச் சேர்ப்பது என்பதில்தான் தொட்டியின் ஆயுள் இருக்கிறது.

முதலில் நீரின் கணக்கு. நீளம் 2.4 மீட்டர், அகலமும் உயரமும் 90 செ.மீ. உள்ள தொட்டி ஏறத்தாழ 1,940 லிட்டர் கொள்ளும். நீர் மட்டும் இரண்டு டன். தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 900 கிலோ சுமை. வீட்டு மாடித் தளங்களை இந்தியத் தரவிதிப்படி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கிறார்கள். எனவே இந்த அளவுத் தொட்டிக்கு இடம் கீழ்த்தளம்தான்; மாடியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் கட்டுமானப் பொறியாளரின் கணக்கு தேவை. முன்சுவரை நீர் தள்ளும் விசை ஏறத்தாழ 970 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை இருமடங்காக்கினால் அந்த விசை நான்கு மடங்காகிறது. நீளத்தைக் கூட்டினால் அழுத்தம் கூடுவதில்லை. அடியில் உள்ள அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. தொட்டி எட்டடியா எண்பதடியா என்பது அதற்குத் தெரியாது. இதனால்தான் நீளமான தாழ்வான தொட்டி மலிவாகவும், உயரமான தொட்டி செலவாகவும் முடிகின்றன. வாங்குபவர் பெரும்பாலும் உயரத்தையே கேட்கிறார்.

இந்த அழுத்தத்தை இரு பொருள்களும் தாங்கும் விதம் வெவ்வேறு. கண்ணாடியின் விறைப்பு அக்ரிலிக்கைப் போல் இருபது மடங்குக்கு மேல். மேலே சொன்ன தொட்டியின் முன்சுவருக்கு, வழக்கமான பாதுகாப்புக் காரணியோடு கணக்கிட்டால், சாதாரணக் கண்ணாடி 19 மி.மீ. தடிமனில் போதும். அந்தப் பலகையின் எடை சுமார் 100 கிலோ. அதே தடிமன் அக்ரிலிக் 50 கிலோவுக்கும் குறைவு. ஆனால் அது கண்ணாடியைப் போல் அசையாமல் நிற்காது, நடுவில் புடைக்கும். கண்ணாடியின் அளவுக்கே விறைப்பு வேண்டுமென்றால் அக்ரிலிக்கின் தடிமன் ஏறத்தாழ மூன்று மடங்கு, அதாவது 54 மி.மீ. ஆக வேண்டும், அப்போது எடை 140 கிலோவாகிக் கண்ணாடியையே மிஞ்சிவிடும். அக்ரிலிக் லேசானது என்ற பேச்சு, அதைப் புடைக்க விடும்வரைதான் உண்மை. நடைமுறையில் கொஞ்சம் புடைக்க விடுகிறார்கள். அக்ரிலிக் அதைப் பொறுத்துக்கொள்கிறது, கண்ணாடி பொறுக்காது. நீண்ட காலம் சுமையின் கீழ் நின்றால் அக்ரிலிக் மெல்ல மெல்ல இழுபட்டுக்கொடுக்கும் என்பதால், அதன் உடையும் வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே அழுத்தத்தை நிறுத்தி வைப்பது வழக்கம்.

இரண்டையும் பிரித்து நிற்க வைப்பது விறைப்பைவிட வெப்பமே. ஒரு டிகிரி வெப்பம் ஏறும்போது கண்ணாடி விரிவதைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு அக்ரிலிக் விரிகிறது. ராயலசீமைக் கோடையில் தகரக் கூரையின் கீழ் 42 டிகிரியில் ஒட்டிய தொட்டி, 24 டிகிரி குளிர்சாதன அறைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2.4 மீட்டர் அக்ரிலிக் பலகை அந்த 18 டிகிரியில் 3 மி.மீ. சுருங்கும். அதன் பக்கத்தில் ஒட்டிய கண்ணாடி 0.4 மி.மீ. மட்டும் சுருங்கும். வித்தியாசம் 2.6 மி.மீ.; நடுவிலிருந்து பார்த்தால் இரு முனையிலும் 1.3 மி.மீ. வீதம். மூட்டில் உள்ள பசைதான் இதை ஏற்க வேண்டும். நல்ல கட்டுமானச் சிலிகான் பசை தன் அகலத்தில் கால்பங்கு வரை நீளவும் சுருங்கவும் கூடியது. 2 மி.மீ. அகல மூட்டு அரை மி.மீ.தான் தாங்கும். 1.3 மி.மீ.க்கு 5 மி.மீ.க்கும் அதிகமான அகலம் வேண்டும். மின்தடையால் குளிர்சாதனம் நின்று அறை சூடாகும்போதெல்லாம், சிறிய அளவிலாவது, இந்த அசைவு திரும்ப நடக்கும். தொட்டி நிரம்பிய பிறகு நீரே வெப்பத்தைச் சமப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் தொட்டி கட்டப்படும் நாள்களும் காலியாக இருக்கும் நாள்களும் கணக்கில் வருகின்றன.

ஈரம் மூன்றாவது வேறுபாடு. கண்ணாடி நீரை உறிஞ்சாது. அக்ரிலிக் முழுதும் ஊறினால் தன் எடையில் இரண்டு சதவீதம் வரை நீரை எடுத்துக்கொண்டு, நீளத்தில் ஆயிரத்தில் சில பங்கு வீங்குகிறது. தொட்டிச் சுவரின் உள்முகம் ஈரமாகவும் வெளிமுகம் காய்ந்தும் இருப்பதால் வீக்கம் ஒருபக்கமாகவே நடக்கும். பலகை வளைய முனையும். வெப்பத்துக்கான 5 மி.மீ.யோடு இதையும் சேர்த்தால் 8 முதல் 10 மி.மீ. அகல மூட்டு என்று கணக்கு முடிகிறது. அந்த அகலம் கொண்ட சிலிகான் மூட்டை இரு பலகைகள் சேரும் மூலையில் வைத்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும். அங்கே அதைத் தவிர்க்க வேண்டிய காரணம் அழகுக்கு அப்பாலும் உண்டு.

சிலிகான் கண்ணாடியை மிக நன்றாகப் பற்றுகிறது. அக்ரிலிக்கை நம்பகமாகப் பற்றுவதில்லை. 1960-களில் சிலிகான் பசை வந்த பின்புதான் இரும்புச் சட்டமும் புட்டிப் பசையும் இல்லாத முழுக் கண்ணாடித் தொட்டி பரவியது. அதற்கு முன், 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் திறந்த மீன் காட்சியகம் தொடங்கி, கண்ணாடியை இரும்பிலும் கல்லிலும் பொருத்திப் புட்டியால் அடைப்பதே முறை. சென்னை மெரினாவில் 1909-இல் திறக்கப்பட்டு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்ட சென்னை மீன் காட்சியகம் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. அக்ரிலிக்கின் வழி வேறு. அதைக் கரைப்பான் வைத்து உருக்கி இணைக்கிறார்கள், அல்லது அதே வேதிப்பொருளின் திரவ வடிவத்தை மூட்டில் ஊற்றி இறுக வைக்கிறார்கள். இரண்டிலும் மூட்டு பலகையோடு ஒன்றிவிடும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் அக்ரிலிக்கைக் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுவதைப் பார்க்கலாம். விளம்பர எழுத்துக்கு அது போதும். நீர் தாங்கும் தடித்த மூட்டுக்கு அது போதாது, விளிம்பில் நுண்விரிசல்களையும் உண்டாக்கலாம். கண்ணாடிக்காரருக்குச் சிலிகான் துப்பாக்கி தெரியும், அக்ரிலிக்காரருக்குக் கரைப்பான் தெரியும். கலப்புத் தொட்டி இந்த இரு தொழில்களுக்கும் இடையில் விழுகிறது. கண்ணாடிக்காரர் தம் பழக்கப்படி அக்ரிலிக் விளிம்பிலும் சிலிகானை இழுத்துவிட்டால், அது சில வாரம் பிடித்திருப்பதுபோலத் தோன்றும். பிறகு ஒரு நாள் பசை கண்ணாடியோடு நிற்க, அக்ரிலிக் மட்டும் சுத்தமாக உரிந்து வரும்.

ஆகவே கண்ணாடிப் பலகையும் அக்ரிலிக் பலகையும் நேரே ஒன்றையொன்று தாங்கும்படி எந்த மூட்டையும் அமைக்கக் கூடாது. இரண்டும் தனித்தனியே மூன்றாவதாக ஒன்றில் உட்கார வேண்டும். அந்த மூன்றாவது, கான்கிரீட்டாக இருக்கலாம், எஃப்.ஆர்.பி. (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்) பூசிய மரைன் பிளைவுட்டாக இருக்கலாம், துருப்பிடிக்காத எஃகுச் சட்டமாக இருக்கலாம். உலகின் பெரிய காட்சியகங்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். ஜப்பானின் ஒகினாவா சுராஉமி காட்சியகத்தில் 2002-இல் பொருத்தப்பட்ட 22.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் உயர அக்ரிலிக் முகப்பு 60 செ.மீ. தடிமன் கொண்டது, துபாயில் 2008-இல் வந்த பலகை 32.88 மீட்டர் நீளமும் 8.3 மீட்டர் உயரமும் 75 செ.மீ. தடிமனும் கொண்டது. இவை அடுக்கடுக்காக ஒட்டி வளர்த்த அக்ரிலிக்; ஆனால் சுற்றியுள்ள தொட்டியோ கான்கிரீட். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 2019-இல் திறந்த வி.ஜி.பி. மரைன் கிங்டத்தின் நடைபாதைச் சுரங்கமும் அக்ரிலிக்கே. சித்தூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ காலையில் கிளம்பினால் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய பெரிய எடுத்துக்காட்டு இது. அங்கே நின்று மீனைப் பார்ப்பவர், ஒருமுறை அக்ரிலிக் விளிம்பு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துவரலாம்.

மூட்டின் அமைப்பு எளிது. சட்டத்தின் திறப்பு, பலகையைவிடச் சிறியது. பலகை நீர்ப்பக்கத்திலிருந்து வந்து, சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய படியில் சாய்கிறது. நீர் நிரம்ப நிரம்ப அழுத்தம் பலகையை அந்தப் படியில் இன்னும் இறுக்கமாக அமர்த்துகிறது. இங்கே சிலிகானின் வேலை பலகையைப் பிடித்து நிறுத்துவதல்ல. அது நசுங்கி நீரை அடைக்கும் மெத்தை. அக்ரிலிக்கில் அது சரியாக ஒட்டவில்லை என்ற குறை இந்த அமைப்பில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. ஆழம் தரும் தொல்லையையே அடைப்புக்குத் துணையாக்கிய நல்ல யோசனை இது. பலகையின் அடியில் இரண்டு இடங்களில் கடின ரப்பர் துண்டுகள் எடையைத் தாங்குகின்றன. நான்கு விளிம்பிலும் சட்டத்தைத் தொடாமல் 8, 10 மி.மீ. இடைவெளி விட்டு, நுரைக் கயிறு வைத்து, மேலே சிலிகான் இடுகிறார்கள். அக்ரிலிக் அந்த இடைவெளிக்குள் விரியலாம், சுருங்கலாம். பக்கத்துத் திறப்பில் கண்ணாடி, 3 மி.மீ. சிலிகானோடு, தன் வேலையைத் தனியே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டின் அசைவும் ஒன்றையொன்று எட்டுவதில்லை.

சட்டம் கான்கிரீட்டாக இருந்தால் பசையின் வகை கவனிக்கத்தக்கது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண மீன்தொட்டிச் சிலிகான், இறுகும்போது அமிலத்தை விடுகிறது. அது சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து பிடிப்பைக் கெடுக்கும். கான்கிரீட்டை முதலில் எபாக்ஸியால் பூச வேண்டும், அதன்மேல் வாடையற்ற நடுநிலைச் சிலிகானைப் பயன்படுத்த வேண்டும். மீனுக்கு ஆகாத பூஞ்சைக்கொல்லி சேர்ந்த குளியலறைச் சிலிகான் எந்த வகையிலும் உதவாது. சித்தூர் மாவட்டத்தில் கிரானைட் எளிதாகக் கிடைப்பதால் தொட்டியின் விளிம்பையும் பீடத்தையும் கிரானைட்டில் கேட்பவர் உண்டு. அழுத்தம் தாங்கக் கல் நன்று. ஆனால் சில சிலிகான் வகைகளின் எண்ணெய் கல்லில் ஊறிக் கறையாகும், கல்லின் பளபளப்பான முகத்தைச் சொரசொரப்பாக்காவிட்டால் பிடிப்பும் குறையும். சிலிகான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று மி.மீ. ஆழம் என்பது பொதுக் கணக்கு. வறண்ட கோடையில் இது மெதுவாகும். 10 மி.மீ. மூட்டு இறுக ஒரு வாரம் கொடுத்தால் மிகையல்ல.

எந்தத் திறப்புக்குக் கண்ணாடி, எதற்கு அக்ரிலிக் என்பதை உள்ளூர் நீர் பாதி முடிவு செய்துவிடுகிறது. இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பொதுவாகக் கடினமானது. நீர்மட்டக் கோட்டில் வெள்ளை உப்புக் கறை படியும். கண்ணாடியிலிருந்து அதைப் பிளேடால் சுரண்டிவிடலாம். அக்ரிலிக்கில் பிளேடு வைத்தால் கோடு விழும். நீர்த்த வினிகரால் ஊற வைத்து மென்துணியால் துடைப்பதே வழி. கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவமும் ஆல்கஹாலும் அக்ரிலிக்கில் சிலந்தி வலைபோல நுண்விரிசல்களை உண்டாக்கும். விடுதியில் துப்புரவுப் பணியாளர் கையில் முதலில் கிடைப்பது அந்த நீலத் திரவம்தான் என்பதால் இதை எழுதி ஒட்டிவைப்பது நல்லது. மாறாக, அக்ரிலிக்கில் விழுந்த கோட்டை மெருகிட்டு எடுக்கலாம். கண்ணாடிக் கோடு நிரந்தரம். பாசி துடைக்கும் காந்தத்தில் ஒரு மணல்மணி சிக்கினால் போதும், வேறுபாடு விளங்கிவிடும். 2022-இல் உருவான திருப்பதி மாவட்டத்தின் எல்லைக்குள் புலிக்காட் ஏரியின் ஒரு பகுதியும் வந்ததால் உவர்நீர், கடல்நீர்த் தொட்டிகளும் நினைக்க முடியாதவை அல்ல; பாசியைச் சுரண்டித் தின்னும் கடல் முள்ளெலிகள் அக்ரிலிக்கில் தடம் பதிப்பவை என்பது அப்போது கவனத்துக்குரியது.

எனவே வளைவு இல்லாத, மக்கள் கை எட்டும், அடிக்கடி துடைக்க வேண்டிய முகப்புக்குக் கண்ணாடியே தகும். வளைந்த மூலைக்கும், தலைக்கு மேல் வரும் பகுதிக்கும், சட்டத்தில் உள்ள மிகப்பெரிய ஒற்றைத் திறப்புக்கும் அக்ரிலிக் தகும். கண்ணாடியை வெப்பத்தில் வளைக்க முடியும் என்றாலும் தடித்த பலகையில் அது பெரிய தொழிற்சாலை வேலை. அக்ரிலிக்கோ 150 டிகிரி அருகில் இளகி, அச்சில் வைத்தால் வளைந்துகொடுக்கும். 1985-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கெல்லி டார்ல்டன் திறந்த நீருக்கடிச் சுரங்கம் அப்படி வளைத்த அக்ரிலிக்கைக் கொண்டே அமைந்தது. டஃபன் (வெப்பத்தில் கடினமாக்கிய) கண்ணாடியைத் தேர்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதில் பின்னால் துளையிட முடியாது, உடைந்தால் முழுப் பலகையும் ஒரே நொடியில் துகளாகும். பெரிய முகப்புக்கு இரண்டு பலகைகளை இடைப்படலத்தோடு ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி பாதுகாப்பானது. ஒன்று விரிசல் விட்டாலும் நீரை வெளியேற்ற அவகாசம் கிடைக்கும். இன்னொரு சிறு விஷயம், நிறம். சாதாரணக் கண்ணாடியில் உள்ள இரும்பு அதற்குப் பச்சைச் சாயல் தருகிறது, அக்ரிலிக் நிறமற்றது. ஒரே மூலையின் இரு பக்கமும் இரண்டும் வந்தால் ஒரே மீன் இரு நிறத்தில் தெரியும். இரும்பு குறைந்த கண்ணாடி அதைத் தணிக்கும். அதுவும் முடியாவிட்டால் இரண்டையும் எதிரெதிர்ச் சுவரில் வைப்பது மேல்.

தொட்டிக்குள் உள்ள சிறு பாகங்களில் கலப்பு பயப்பட வேண்டியதல்ல. கண்ணாடித் தொட்டிக்குள் அக்ரிலிக் ஓவர்ஃப்ளோ பெட்டி பரவலாக வைக்கப்படுகிறது. அதன் இருபுறமும் நீர் நிற்பதால் அழுத்த வேறுபாடு சில செ.மீ. ஆழத்துக்கே; சிலிகானின் அரைகுறைப் பிடிப்பு அங்கே போதும். ஒட்டும் அக்ரிலிக் முகங்களை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பெட்டியை நெடுக ஒட்டாமல் மேலே கொக்கியிலும் மாட்டிவிட்டால் ஆயுள் கூடும். கீழே வடிகட்டித் தொட்டி முழுக்க அக்ரிலிக்காகவே இருக்கலாம். துளையிடுவதும் தடுப்பு வைப்பதும் அதில் எளிது. மூடிக்கு மட்டும் அக்ரிலிக் ஆகாது. கீழ்முகம் ஆவியில் ஊறி வீங்க, மேல்முகம் காய்ந்திருக்க, சில வாரங்களில் விளிம்புகள் மேல்நோக்கிச் சுருளும். கண்ணாடி மூடி கனமானாலும் தட்டையாக இருக்கும். அக்ரிலிக் எரியக்கூடியது, நூறு டிகிரி தாண்டினால் இளகும். வரவேற்பறையில் குத்துவிளக்கு ஏற்றும் வழக்கம் உள்ள ஊரில் விளக்கின் இடத்தைத் தொட்டிக்கு முன்பே தீர்மானிப்பது நல்லது.

நீர் நிரப்புவதும் கட்டுமானத்தின் ஒரு பகுதியே. சிலிகான் இறுகிய பிறகு கால்பங்கு ஆழத்துக்கு நிரப்பி ஒரு நாள் விட்டு, பலகை படியில் எவ்வளவு அமர்ந்தது, நடுவில் எவ்வளவு புடைத்தது என்று நேர்க்கோல் வைத்து அளந்து குறிக்கிறார்கள். பிறகு அரை, முக்கால், முழு. ஒவ்வொரு கட்டத்திலும் அக்ரிலிக்கின் புடைப்பு ஒரு நிலையில் நிற்க வேண்டும். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் தடிமன் போதவில்லை. முழு ஆழத்தில் ஒரு வாரம் நிற்கும்வரை மீன் விடுவதில்லை.

காலி செய்வது நிரப்புவதைவிட ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. பெர்லினில் ஒரு விடுதியின் நடுவே நின்ற அக்வாடோம் என்ற உருளைத் தொட்டி, சுமார் பத்து லட்சம் லிட்டர் கொண்டது, 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 1,500 மீன்கள் இருந்தன. அது நடந்தபோது கூடத்தில் ஆள்கள் அதிகம் இல்லாததால் இருவருக்குச் சிறு காயத்தோடு போயிற்று. முழுக்க அக்ரிலிக்கால் ஆன அந்தச் சுவர், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் நடந்த புதுப்பிப்புக்காகக் காலி செய்யப்பட்டிருந்தது. நிபுணர் விசாரணையால் ஒரே காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை. ஒட்டு மூட்டின் தோல்வி, புதுப்பிப்பின்போது பட்ட ஒரு வடு, காலியாக இருந்தபோது அக்ரிலிக் காய்ந்தது என மூன்று வாய்ப்புகள் முன்வைக்கப்பட்டன. அந்த மூன்றாவது வாய்ப்பு, ஊறியிருந்த அக்ரிலிக் காயும்போது மேற்பரப்பு முதலில் சுருங்கி நுண்விரிசல் விடும் என்ற பழைய அறிவோடு ஒத்துப்போகிறது. கோடையில் ஈரம் குறைந்த காற்றில் இது விரைவாக நடக்கும். பழுது பார்க்கக் காலி செய்த தொட்டியின் அக்ரிலிக் முகத்தின்மேல் ஈரத்துணி போர்த்தி, பிளாஸ்டிக் உறையிட்டு, வேலை முடிந்ததும் மீண்டும் கட்டம் கட்டமாகவே நிரப்ப வேண்டும். பக்கத்தில் உள்ள கண்ணாடிக்கு இவை எதுவும் வேண்டாம். அதைத் துடைத்து அப்படியே விட்டுவிடலாம்.